எதற்காக நிறுவினோம் என்பதை எழுதி வைக்க: டெபியனில் டேக், செட் வழிகாட்டி

டெபியன், உபுண்டு, மின்ட் என்ற லினக்ஸ் வகைகளில் எதுவாக இருந்தாலும் கொஞ்ச காலம் புழங்கிய கணினியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பேக்கேஜ்கள், அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் பொதிகள், உட்கார்ந்திருக்கும். அவற்றில் எதை நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டு நிறுவினீர்கள், எது அதற்குத் துணையாகத் தானே வந்தது என்பது, பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் கருவியான ஆப்டுக்குத் தெரியும். எதற்காகக் கேட்டீர்கள் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து உங்களுக்கும் நினைவிருக்காது. பெயரைப் பார்த்து எதற்கென்று புரியாத பேக்கேஜை நீக்கவும் கை வராது, வைத்திருக்கவும் மனம் வராது. வட்டு நிரம்பிக்கொண்டே போவது இப்படித்தான்.

இதற்கு நல்ல மருந்து, நிறுவும் நேரத்திலேயே காரணத்தையும் கணினியில் பதிந்து வைப்பது. அதற்கு டெபியன் குடும்பத்தில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று, ஆப்டைப் போன்ற இன்னொரு கருவியான ஆப்டிட்யூட் தரும் பயனர் டேக், அதாவது பேக்கேஜுக்கு நாம் ஒட்டும் பெயர்ச்சீட்டு. இன்னொன்று, நாமே செய்துகொள்ளும் மெட்டாபேக்கேஜ், அதாவது நம் சொந்த செட். முதலாவது ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். இரண்டாவதற்கு ஒரு மாலை நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டும் தேவைப்படும் இடங்கள் வேறு.

தொடங்கும் முன் ஒன்று. கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். கோடு, மேற்கோள் குறி, அடைப்புக்குறி, கேள்விக்குறி எல்லாம் நான் போட்டிருக்கும் இடத்தில் அப்படியே வர வேண்டும். டேக் பெயர்களையும் தங்கிலீஷில், இடைவெளி இல்லாமல் அடியுங்கள்.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஆப்ட் ஒவ்வொரு பேக்கேஜையும் இரண்டு வகையாகப் பார்க்கிறது. நீங்கள் கேட்டு வந்தது மேனுவல். வேறொன்றுக்குத் தேவை என்று தானாக வந்தது ஆட்டோ. இந்தக் குறிப்பு வார்/லிப்/ஆப்ட் என்ற அடைவுக்குள் எக்ஸ்டெண்டட்_ஸ்டேட்ஸ் என்ற கோப்பில் இருக்கிறது. அதைத் திறந்து கை வைக்க வேண்டாம், கட்டளை போதும்:

ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்

பட்டியல் நீங்கள் நினைத்ததைவிட நீளமாக வரும். பயப்படாதீர்கள். நிறுவியின் வழியாக முதல் நாளே வந்தவற்றில் பலவும் மேனுவல் என்றே குறிக்கப்பட்டிருக்கும். க்ரப், நெட்வொர்க்-மேனேஜர், ஃபர்ம்வேர் என்று தொடங்குபவை, லினக்ஸ்-இமேஜ் என்று தொடங்குபவை ஆகியவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். குறிப்பாக லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64 என்ற பேக்கேஜ் பார்க்க வெறும் ஓடு போலத் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஆனால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் புதிதாக வரும்போதெல்லாம் அதை இழுத்து வருவது அதுதான். அதை நீக்கினால் கணினி ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் கெர்னலுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேராது. நின்றுபோனதை நீங்கள் கவனிக்கவும் மாட்டீர்கள்.

மீதியுள்ளவற்றில் எது ஏன் வந்தது என்று தெரியவில்லையா? மூன்று இடங்களில் தேடலாம். முதலாவது பழைய பதிவேடு. வார்/லாக்/ஆப்ட் அடைவில் ஹிஸ்டரி.லாக் என்ற கோப்பு இருக்கிறது. ஆப்ட் வழியாக நீங்கள் ஒவ்வொரு முறை நிறுவும்போதும் நீக்கும்போதும் தேதி, நேரம், நீங்கள் அடித்த கட்டளை எல்லாம் அதில் பதிவாகும். பழையவை மாதத்துக்கு ஒன்றாகச் சுருக்கப்பட்டு அதே அடைவில் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே வீச்சில் தேட:

ஜெட்கிரெப் கமாண்ட்லைன் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்*

இங்கே கமாண்ட்லைனின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். ஒரே நாளில் வந்த நான்கைந்து பேக்கேஜ்களைச் சேர்த்துப் பார்த்தாலே பாதி நேரம் காரணம் நினைவுக்கு வந்துவிடும். புதியவர்களுக்கு இந்த ஒரு பதிவேட்டைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு வருத்தம். கணினியில் நாம் செய்ததன் நாட்குறிப்பு அது.

இரண்டாவது, ஆப்ட் ஷோ. பேக்கேஜ் பெயரோடு அடித்தால் அது என்ன வேலை செய்கிறது என்ற விளக்கம் வரும். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது, ஆப்டிட்யூடின் ஒய் கட்டளை (ஏன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்). அதற்கு ஆப்டிட்யூட் தேவை.

ஆப்டிட்யூடை நிறுவுவது, கூடவே ஒரு எச்சரிக்கை

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஆப்டிட்யூட்

சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள். ஆப்டிட்யூட் புதிதல்ல. 1999இலிருந்து இருக்கிறது. ஆப்டும் இதுவும் பேக்கேஜ்கள் வந்து இறங்கும் ஒரே இணையக் களஞ்சியத்தைத்தான் பயன்படுத்துகின்றன, மேனுவல் ஆட்டோ குறிப்பும் பொதுவானது. ஆகவே இன்று ஆப்டில் நிறுவி நாளை ஆப்டிட்யூடில் நீக்கலாம். ஆனால் ஒரு குணத்தில் இரண்டும் மாறுபடும். யாருக்கும் தேவைப்படாத ஆட்டோ பேக்கேஜ்களை ஆப்ட் சும்மா சுட்டிக்காட்டிவிட்டு, நீங்கள் ஆட்டோரிமூவ் சொல்லும்வரை காத்திருக்கும். ஆப்டிட்யூட் காத்திருக்காது. நீங்கள் வேறு ஏதோ நிறுவச் சொன்னாலும் அதே மூச்சில் அவற்றையும் நீக்கப் பட்டியலிட்டு, சரியா என்று கேட்கும். முதல்முறை ஓட்டும்போது நீக்கப் பட்டியல் பெரிதாக வந்தால் ஆம் என்பதற்கான ஒய் எழுத்தை அடிக்காமல், இல்லை என்பதற்கான என் எழுத்தை அடித்து வெளியே வாருங்கள். பட்டியலில் உங்களுக்கு வேண்டியது ஏதாவது இருந்தால் சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல் என்று போட்டு அந்தப் பெயரைக் கொடுங்கள். அதன்பின் அதை யாரும் தொட மாட்டார்கள்.

இப்போது ஒய் கட்டளை. பழைய நூல்களை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தாக மாற்றும் வேலைக்காக நீங்கள் ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற பேக்கேஜை நிறுவியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழுக்கு டெசராக்ட்-ஓசிஆர்-டாம் என்ற மொழிக்கோப்பும் போட்டிருக்கிறீர்கள். பட்டியலில் டெசராக்ட்-ஓசிஆர்-ஓஎஸ்டி என்று ஒன்று தெரிகிறது. நீங்கள் கேட்டதாக நினைவில்லை.

ஆப்டிட்யூட் ஒய் டெசராக்ட்-ஓசிஆர்-ஓஎஸ்டி

விடை இரண்டு வரியில் வரலாம். முதல் வரி, ஓசிஆர்மைபிடிஎஃப் டெசராக்ட்-ஓசிஆரைச் சார்ந்திருக்கிறது என்று சொல்லும். அடுத்த வரி, டெசராக்ட்-ஓசிஆர் இந்த ஓஎஸ்டியைச் சார்ந்திருக்கிறது என்று சொல்லும். வரியின் தொடக்கத்தில் ஐ என்ற எழுத்து இருந்தால் நிறுவப்பட்டிருக்கிறது என்று பொருள். பக்கத்தில் பெரிய ஏ இருந்தால் ஆட்டோவாக வந்தது. நீங்களே நிறுவிய ஏதோ ஒன்றில் தொடங்கி, கேட்ட பேக்கேஜ் வரை சங்கிலியை இப்படி இழுத்துக் காட்டிவிடும். சங்கிலியின் முதல் கண்ணிக்கு மட்டும்தான் காரணம் உங்கள் மனதில் இருக்கிறது. அதனால் நாம் டேக் ஒட்டப்போவதும் அந்த முதல் கண்ணிகளுக்கு மட்டும்தான். நடுவில் வருபவற்றைப் பார்த்துக்கொள்ள ஆப்ட் இருக்கிறது.

டேக் ஒட்டுவது

மேலே சொன்ன நூல் வேலைக்கு நான்கு பேக்கேஜ்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஓசிஆர்மைபிடிஎஃப், டெசராக்ட்-ஓசிஆர்-டாம், பக்கத்தின் கறுப்பு ஓரங்களைத் துடைக்கும் அன்பேப்பர், படங்களைத் திருத்த கிம்ப். இவற்றுக்கு நூல் என்று டேக் போடலாம்:

சூடோ ஆப்டிட்யூட் ஆட்-யூசர்-டேக் நூல் ஓசிஆர்மைபிடிஎஃப் டெசராக்ட்-ஓசிஆர்-டாம் அன்பேப்பர் கிம்ப்

முதலில் டேக் பெயர், அப்புறம் பேக்கேஜ் பெயர்கள். அவ்வளவுதான். எழுதியது வார்/லிப்/ஆப்டிட்யூட் அடைவில் பேக்கேஜ்ஸ்டேட்ஸ் என்ற கோப்பில் சேர்ந்துவிடும். கோப்பின் உண்மைப் பெயரில் பேக்கேஜ் என்பது பி, கே, ஜி என்ற மூன்று எழுத்தாகச் சுருங்கியிருக்கும். தேட:

ஆப்டிட்யூட் சர்ச் '?யூசர்-டேக்(நூல்)'

ஒற்றை மேற்கோள் குறியை விட்டுவிடாதீர்கள். விட்டால், கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல் அடைப்புக்குறியைத் தனக்கான கட்டளை என்று நினைத்துப் பிழை காட்டும். தவறான டேக் ஒட்டிவிட்டால் ஆட் என்ற இடத்தில் ரிமூவ் போட்டு அதே கட்டளையை அடித்தால் கழன்றுவிடும்.

நிறுவும்போதே டேக் ஒட்ட ஒரு வழி இருக்கிறது. ஆப்டிட்யூட் இன்ஸ்டால் கட்டளையோடு இரண்டு கோடு போட்டு ஆட்-யூசர்-டேக் என்ற தெரிவைச் சேர்த்து, டேக் பெயரைக் கொடுக்கலாம். ஆனால் இதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்தக் கட்டளையால் மாறும் எல்லாவற்றுக்கும் டேக் ஒட்டிவிடும், துணையாக வரும் பேக்கேஜ்கள் உட்பட. நாம் கேட்ட நான்கோடு கேட்காத நாற்பதும் சேர்ந்துகொண்டால் டேக் எதற்கு? நிறுவி முடித்தவுடன், பேக்கேஜ் பெயர்கள் டெர்மினலில் கண் முன்னே இருக்கும்போதே, அடுத்த வரியில் டேக் ஒட்டிவிடுவது சுத்தமான வழி.

எந்தப் பெயரில் டேக் போடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். பேக்கேஜ் என்ன வகை என்று டேக் போடாதீர்கள். எடிட்டர், படம், இணையம் என்றெல்லாம் பிரித்து வைப்பதால் பயனில்லை. அந்தத் தகவல் ஏற்கெனவே ஆப்ட் ஷோவில் இருக்கிறது. உங்கள் வாழ்க்கையில் அது எந்த வேலைக்கு வந்தது என்று போடுங்கள். நூல், கல்லூரி, அலுவலகம், பிள்ளைகள், ரேடியோ என்று. வேலை முடிந்ததா என்பதை உங்களால் சொல்ல முடிய வேண்டும், அதுதான் நல்ல டேக்கின் இலக்கணம். கல்லூரிப் படிப்பு முடியும். எடிட்டர் என்ற வகை முடியவே முடியாது.

ஒரு பெயர் இன்னொரு பெயருக்குள் அடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நூல், நூலகம் என்று இரண்டு டேக் வைத்தால் தேடும்போது குழப்பத்துக்கு இடம் கொடுத்ததாகிவிடும். எண்ணிக்கையிலும் கட்டுப்பாடு வேண்டும். வீட்டுக் கணினிக்குப் பத்து டேக் தாராளம்.

எல்லோரும் வைத்திருக்க வேண்டிய டேக் ஒன்று உண்டு: சோதனை. எங்கோ படித்துவிட்டு, போட்டுத்தான் பார்ப்போமே என்று நிறுவுகிற எல்லாவற்றுக்கும் இதை ஒட்டுங்கள். பிடித்துப்போனால் சோதனையைக் கழற்றிவிட்டு உரிய டேக்கை ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை சோதனை டேக்கில் தேடிப் பாருங்கள். திறக்காமலே கிடப்பவை அங்கே வரிசையாக நிற்கும். குப்பை சேரும் வாசலே இதுதான் என்பதால், மற்ற டேக்குகளை நீங்கள் ஒட்டாமல் விட்டாலும் இந்த ஒன்றை விடாதீர்கள்.

ஒரு பேக்கேஜுக்கு இரண்டு காரணம் இருந்தால்

கிம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் வேலைக்கும் வேண்டும், திருமண அழைப்பிதழ் வடிவமைக்கவும் வேண்டும். டெபியன் களஞ்சியத்தில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் செக்‌ஷன் என்று ஒரே ஒரு பிரிவுதான் உண்டு. கிம்ப் இருப்பது கிராபிக்ஸ் பிரிவில். ஒரு பொருளை ஒரே அலமாரியில்தானே வைக்க முடியும் என்ற எண்ணத்தில் வந்த ஏற்பாடு அது.

இந்தச் சிக்கலை நூலகத்தில் சந்தித்து விடை கண்டவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, நூலுக்கு ஒரே பெட்டி தேடுவதை விட்டுவிட்டு, அதன் முகங்களைத் தனித்தனியாகக் கேட்டது. எதைப் பற்றியது, என்ன பொருளால் ஆனது, என்ன செயல் நடக்கிறது, எந்த இடம், எந்தக் காலம் என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு குறி போட்டு, அவற்றை நிறுத்தக்குறிகளால் கோத்தார். அந்தக் குறிகளில் முக்கால்புள்ளியே முறைக்குப் பெயரானது.

டெபியனில் டெப்டேக்ஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. என்ரிக்கோ ஜினி தொடங்கியது. முகம் முகமாகப் பகுக்கும் இதே வழியைத்தான் அதுவும் பின்பற்றுகிறது. ஒரு பேக்கேஜின் பங்கு என்ன, இடைமுகம் எப்படிப்பட்டது, எந்தக் கோப்பு வகையோடு வேலை செய்யும், எந்தப் பண்பாட்டுக்கு உரியது என்று ஒவ்வொன்றும் ஒரு முகம். முகத்தின் பெயருக்கும் மதிப்புக்கும் நடுவே இரண்டு முக்கால்புள்ளி வரும். தமிழுக்கென்று குறிக்கப்பட்ட பேக்கேஜ்கள் எவை என்று பார்க்க:

ஆப்டிட்யூட் சர்ச் '?டேக்(கல்ச்சர்::டமில்)'

இந்த டேக்குகள் தன்னார்வலர்கள் ஒட்டியவை. எல்லா பேக்கேஜ்களுக்கும் ஒட்டி முடிக்கப்படவில்லை, ஆகவே பட்டியலில் இல்லாததால் களஞ்சியத்திலேயே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டெபியன் 13 வெளியானபோது, 2025 ஆகஸ்டில், பேக்கேஜ்களின் எண்ணிக்கை 69,830. கையால் ஒட்டி மாளாது. புதிய கருவி தேடும்போது டெப்டேக்ஸ் கைகொடுக்கும். நிறுவியதை நிர்வகிக்க நம் சொந்த டேக்குகள்தான்.

சரி, கிம்ப்புக்கு வருவோம். நூல் என்ற டேக்கோடு அழைப்பிதழ் என்ற டேக்கையும் அதற்கு ஒட்டிவிடுங்கள். ஒரு பேக்கேஜுக்கு எத்தனை டேக்கும் இருக்கலாம். இதன் பலன் நீக்கும்போது தெரியும்.

டேக்கை வைத்து நீக்குவது

நூல் வேலை முடிந்தது, இடம் வேண்டும். அவசரப்பட்டு ரிமூவ் போட வேண்டாம். முதலில் பாவனையாக ஓட்டிப் பாருங்கள். ஒரு கோடும் எஸ் எழுத்தும் போட்டால் ஆப்டிட்யூட் எதையும் தொடாமல், என்ன செய்திருக்கும் என்று மட்டும் சொல்லும்:

ஆப்டிட்யூட் -எஸ் ரிமூவ் '?யூசர்-டேக்(நூல்) !?யூசர்-டேக்(அழைப்பிதழ்)'

நூல் டேக் இருப்பவை, ஆனால் அழைப்பிதழ் டேக் இல்லாதவை என்று பொருள். ஆச்சரியக்குறி இல்லை என்பதைக் குறிக்கும். கிம்ப் தப்பிவிட்டது. மற்ற மூன்றும் அவற்றுக்கு மட்டுமே தேவைப்பட்ட துணைகளும் பட்டியலில் வரும். பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படியுங்கள். தெரியாத பெயர் வந்தால் ஆப்ட் ஷோ. எல்லாம் சரியாக இருந்தால் எஸ்ஸை எடுத்துவிட்டு, முன்னால் சூடோ சேர்த்து அதே கட்டளையை ஓட்டுங்கள்.

இதைவிடப் பக்குவமான வழியும் உண்டு. நீக்கு என்று சொல்லாமல், இனி இது என் விருப்பமல்ல என்று மட்டும் சொல்வது. ரிமூவ் இருந்த இடத்தில் மார்க்ஆட்டோ போட்டால் அந்த பேக்கேஜ்களின் மேனுவல் குறி ஆட்டோவாக மாறும். அதன்பின் வேறு எதற்கும் தேவைப்படாதவை மட்டும் நீங்கும். தேவைப்படுபவை தங்கும். நேரடியாக நீக்கினால், அதைச் சார்ந்திருக்கும் வேறொன்றும் சேர்ந்து போகும் அபாயம் உண்டு. மார்க்ஆட்டோவில் அந்த அபாயம் இல்லை. புதியவர்கள் இந்த வழியையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

ஆட்டோவாக்கியும் சில பேக்கேஜ்கள் போகாமல் நிற்கும். காரணம் பெரும்பாலும் இதுதான்: பேக்கேஜ்களுக்கு இடையே கட்டாயச் சார்பு மட்டுமல்ல, பரிந்துரை, யோசனை என்று இளகிய உறவுகளும் உண்டு. நிறுவியிருக்கும் ஏதோ ஒன்று அதைப் பரிந்துரைத்திருந்தாலோ, வெறும் யோசனையாகச் சொல்லியிருந்தாலோகூட ஆப்டின் ஆட்டோரிமூவ் அதை விட்டுவைக்கும். அது பிழையல்ல, வேண்டுமென்றே வைத்த முன்னெச்சரிக்கை. யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒய் கட்டளை சொல்லிவிடும்.

சொந்த செட் செய்வது

டேக்கின் குறை என்னவென்றால் அது அந்த ஒரு கணினியோடு சரி. இன்னொரு கணினியில் அதே சூழலை உருவாக்க வேண்டும், அல்லது ஒரு பள்ளி ஆய்வகத்தில் இருபது கணினிகளுக்கும் ஒரே செட் போட வேண்டும் என்றால் மெட்டாபேக்கேஜ்தான் சரி. தனக்குள் எந்த நிரலும் இல்லாமல், இன்னின்னவை எனக்கு வேண்டும் என்ற பட்டியலை மட்டும் சுமக்கும் பேக்கேஜ் அது. நிரல் தொகுப்போருக்குத் தெரிந்த பில்ட்-எசன்ஷியல் இந்த வகைதான். டெபியனே இப்படிப் பல செட்களைத் தயாராக வைத்திருக்கிறது. டாஸ்க்-டமில்-டெஸ்க்டாப் என்பது தமிழ் மேசைக்கணினிக்கான செட். ஆப்ட் ஷோ போட்டால் எவையெவை வரும் என்று தெரியும். பள்ளிகளுக்கு டெபியன் எடு, மருத்துவத் துறைக்கு டெபியன் மெட் என்று துறைவாரியான செட்களும் உண்டு. உங்கள் வேலைக்குத் தயாராக ஒன்று இருக்கிறதா என்று முதலில் தேடிவிட்டு, இல்லையென்றால் மட்டும் சொந்தமாகச் செய்யுங்கள்.

செய்வதற்கு ஈக்விவ்ஸ் என்ற பேக்கேஜ் போதும். கம்பைலர் தெரிய வேண்டாம், நிரல் எழுத வேண்டாம்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஈக்விவ்ஸ்
ஈக்விவ்ஸ்-கன்ட்ரோல் நூல்-செட்

இரண்டாவது கட்டளை நூல்-செட் என்ற பெயரில் ஒரு வெற்றுப் படிவத்தை உருவாக்கும். எடிட்டரில் திறந்தால் பல வரிகள் இருக்கும். முன்னால் எண் குறி (#) போட்டவை செயல்படாதவை. நமக்கு வேண்டியவை சில மட்டும். பேக்கேஜ் என்ற வரியில் நூல்-செட் என்று பெயர் கொடுங்கள். வெர்ஷன் வரியில் எண் குறியை எடுத்துவிட்டு 1.0 என்று போடுங்கள். டிபெண்ட்ஸ் வரியில் ஓசிஆர்மைபிடிஎஃப், டெசராக்ட்-ஓசிஆர்-டாம் என்று காற்புள்ளியிட்டு எழுதுங்கள். ரெக்கமண்ட்ஸ் வரியில் அன்பேப்பர், கிம்ப்.

டிபெண்ட்ஸில் எதைப் போடுவது, ரெக்கமண்ட்ஸில் எதைப் போடுவது என்பது யோசிக்க வேண்டிய இடம். டிபெண்ட்ஸில் இருப்பதில் ஒன்றை நீக்கினாலும் மெட்டாபேக்கேஜும் சேர்ந்து நீங்கிவிடும், பிடிமானம் போய்விடும். ரெக்கமண்ட்ஸில் இருப்பதும் வழக்கமாகச் சேர்ந்தே நிறுவப்படும், ஆனால் ஒருவர் வேண்டாம் என்று நீக்கினால் செட் உடையாது. அது இல்லாமல் வேலையே நடக்காது என்பதை மட்டும் டிபெண்ட்ஸில் வையுங்கள். எல்லாவற்றையும் அங்கே கொட்டினால் இரண்டு மாதத்தில் யாராவது ஒருவர் கிம்ப்பை நீக்கி மொத்த செட்டையும் கலைத்துவிடுவார்.

செக்‌ஷன் வரியில் படிவம் தருவதையே விட்டுவிடுங்கள். மெட்டாபேக்கேஜ் தானே செய்கிறோம் என்று அங்கே மெட்டாபேக்கேஜஸ் என்று எழுதத் தோன்றும். எழுத வேண்டாம். அந்தப் பிரிவில் உள்ளவற்றின் சார்புகளை ஆப்ட் தனிச் சலுகையோடு பாதுகாக்கும். பின்னால் செட்டை நீக்கினாலும் அதன் பேக்கேஜ்கள் தானாகப் போகாது. முழு மேசைச்சூழலே காணாமல் போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த காப்பு அது. நமக்கோ, செட்டை நீக்கினால் எல்லாம் போக வேண்டும்.

கடைசியாக டிஸ்கிரிப்ஷன். பலர் இதைச் சும்மா நிரப்புவார்கள். காரணத்தை எழுதும் இடமே இதுதான் என்பதால் நான்கு வரி மனதார எழுதுங்கள்: எந்த வேலைக்கு, யார் கேட்டு, எப்போது வரை. முதல் வரி சுருக்கம். அடுத்த வரிகள் ஒவ்வொன்றும் ஒரு இடைவெளியோடு தொடங்க வேண்டும், இல்லையென்றால் கட்டும்போது பிழை வரும். கோப்பைச் சேமித்துவிட்டு:

ஈக்விவ்ஸ்-பில்ட் நூல்-செட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./நூல்-செட்_1.0_ஆல்.டெப்

புள்ளியும் சாய்கோடும் முக்கியம். அவை இருந்தால்தான் களஞ்சியத்தில் தேடாமல், இதே அடைவில் உள்ள கோப்பை எடுக்க வேண்டும் என்று ஆப்டுக்குப் புரியும்.

உங்கள் கணினியில் இந்த நான்கும் ஏற்கெனவே மேனுவலாக இருக்கும். இப்போது அவற்றின் பொறுப்பை செட்டிடம் ஒப்படைக்க வேண்டும். சூடோ ஆப்ட்-மார்க் ஆட்டோ என்று போட்டு நான்கு பெயர்களையும் கொடுங்கள். கிம்ப் அழைப்பிதழ் வேலைக்கும் வேண்டும் என்றால் அதை மட்டும் மேனுவலாகவே விடுங்கள். இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டு, செட்டை நீக்கியும் எதுவும் போகவில்லையே என்று திகைப்பவர்கள் நிறைய. படி முடிந்ததும் ஆப்ட்-மார்க் ஷோமேனுவலைத் திரும்பப் பாருங்கள். நான்கு பெயர் இருந்த இடத்தில் நூல்-செட் என்று ஒரே பெயர், அதை ஆப்ட் ஷோவில் பார்த்தால் நீங்கள் எழுதிய காரணம் உங்கள் சொற்களிலேயே வரும். எனக்கு இதைவிட நிம்மதி தருகிற பட்டியல் வேறில்லை.

பின்னால் செட்டில் ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் படிவத்தைத் திருத்தி, வெர்ஷனை 1.1 ஆக்கி, மறுபடி கட்டி, மறுபடி நிறுவுங்கள். எண்ணை ஏற்ற மறக்காதீர்கள். கட்டிய டெப் கோப்பு தொலைந்தாலும் பரவாயில்லை, படிவம் இருந்தால் போதும். அதைப் பத்திரமான இடத்தில் வையுங்கள்.

வேறு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

ஜென்டூவில் இந்த வசதி பேக்கேஜ் மேலாளரிலேயே இருக்கிறது. எட்சி/போர்ட்டேஜ்/செட்ஸ் அடைவில் நூல் என்ற பெயரில் ஒரு சாதாரண உரைக்கோப்பு வைத்து, வரிக்கு ஒரு பேக்கேஜ் எழுதினால் அது செட் ஆகிவிடும். எமர்ஜ் கட்டளையோடு அட் குறி சேர்த்து அந்தப் பெயரைக் கொடுத்தால் மொத்தமும் நிறுவப்படும். வேண்டாம் என்றால் டீசெலக்ட் செய்துவிட்டு டெப்கிளீன் ஓட்டினால் போதும். செட் என்பதை இவ்வளவு எளிமையாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஃபெடோராவில் டிஎன்எஃப் குரூப் என்று தயாரான குழுக்கள் உண்டு. அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்பதால் மேலே சொன்ன வழியையே அங்கும் முயன்று பார்க்கலாம்.

புதிய கணினிக்கு மாறும்போது

டேக் தானாக வராது என்று சொன்னேன். ஆனால் பட்டியலாக எடுத்துக்கொள்ளலாம்:

ஆப்டிட்யூட் சர்ச் -எஃப் '%பி' '?யூசர்-டேக்(நூல்)' > நூல்.டெக்ஸ்ட்

இங்கே எஃப் பெரிய எழுத்து, பி சிறிய எழுத்து. பேக்கேஜ் பெயர்கள் மட்டும் வரிக்கு ஒன்றாகக் கோப்பில் விழும். ஒவ்வொரு டேக்குக்கும் இப்படி ஒரு கோப்பு. பழைய கணினி பழுதாகும் முன்பே, காப்பு எடுக்கும் நாளில் இதையும் சேர்த்து எடுங்கள். புதிய கணினியில் முதலில் களஞ்சியப் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு, கோப்பைத் திறந்து இன்னும் வேண்டியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு நிறுவி, அதே டேக்கை ஒட்டுங்கள்.

மெட்டாபேக்கேஜில் இந்த வேலையே இல்லை. டெப் கோப்பை பென்டிரைவில் எடுத்துப் போய் நிறுவினால் போதும், மற்றவற்றை அது இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். ஈக்விவ்ஸ் கட்டும் கோப்பின் பெயர் ஆல் என்று முடிவதைக் கவனித்திருப்பீர்கள். எந்தச் செயலிக்கும் பொருந்தும் என்று பொருள். ஆகவே மேசைக்கணினியில் கட்டிய அதே நூல்-செட்டை, டெபியன் ஓடும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலும் அப்படியே நிறுவலாம்.